பதினோரு பேரைப் பட்டினி போட்ட படிப்பு

ஒன்றும் தெரியாதவன் செய்கிற தப்புக்கு ஓர் அளவு உண்டு. பாதி படித்தவன் செய்கிற தப்புக்குத்தான் அளவே கிடையாது. ஏனென்றால் அவனிடம் அதற்குப் பக்க எண்ணோடு ஆதாரம் இருக்கும்.

நான் அப்படிப் பாதி படித்திருந்த காலத்தில், எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் வைத்து, என் அக்காவைப் பேசி முடிக்க வந்த பதினோரு பேரைப் பட்டினி போட்டேன். சோறு இல்லாமல் இல்லை. இலை போட்டு, சோறு வைத்து, குனிந்து வணங்கி, சிரித்த முகத்தோடு பட்டினி போட்டேன். (சாதாரண ஆளால் இதைச் செய்ய முடியாது. முதுகலை அளவில் பயிற்சி வேண்டும்.)

எண்பதுகளின் நடுப்பகுதி. மெட்ராஸில் ஒரு கல்லூரியில் விருந்தோம்பல், சுற்றுலா நிர்வாகம் என்று புதிதாக ஒரு முதுகலைப் படிப்பு தொடங்கியிருந்தார்கள். நான் சேர்ந்துவிட்டேன். எங்கள் ஊரான சங்கரன்கோவிலில் இதை நாலு பேருக்குப் புரியவைப்பதற்குள் முதல் வருஷம் முடிந்துபோனது. தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தராக இருந்த அப்பாவிடம் யாராவது, "பையன் என்ன படிக்கான்?" என்று கேட்டால், "மேனேஜ்மென்ட்" என்று சொல்லிவிட்டு உடனே மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். விடாமல் துருவிக் கண்டுபிடித்த ஒருவர், "ஆடித்தபசுக்கு ஊரு கொள்ளாத கூட்டம் வருது. அம்புட்டு பேருக்கும் எவன்வே படிச்சிட்டு வந்து சோறு போடுதான்?" என்று கேட்டார். அப்பாவிடம் பதில் இல்லை. என்னிடம் நாலு பக்கத்துக்கு இருந்தது. அவர் நின்று கேட்கவில்லை.

என் அக்கா சண்முகவடிவு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ஒன்றில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மூன்று வரன்கள் வந்து, மூன்று பேரும், "ஊருக்குப் போயி கடுதாசி போடுதோம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். பெண் பேசிய அனுபவம் உள்ளவர்களுக்கு அதன் அர்த்தம் தெரியும். அந்தக் கடுதாசியை யாரும் எழுதுவதில்லை. மூன்றாவது கடுதாசி வராமல் போன பிறகு, தபால்காரர் மணியடித்தால் அக்கா அடுக்களைக்குள் போய் எதையாவது உருட்ட ஆரம்பித்துவிடுவாள்.

நாலாவது வரன் வேலாயுதம். இளையரசனேந்தல்காரர், கோவில்பட்டியில் பள்ளிக்கூட வாத்தியார். அக்கா தட்டச்சுத் தேர்வுக்குப் போனபோது அங்கே மேற்பார்வைக்கு நின்றவர் அவர்தான். இரண்டு பேரும் மெஷினில் ரிப்பன் சிக்கிக்கொண்டதைப் பற்றி நாலு வார்த்தை பேசியிருக்கிறார்கள். (இது அப்போது வீட்டில் என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. இப்போது தெரிந்தால் பரவாயில்லை, அவர்களுக்குப் பேரன் பிறந்துவிட்டான்.) ஜாதகமும் பொருந்தியிருந்தது. மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. பருத்தியும் கம்பும் போடுகிற மானாவாரிக் காட்டுக்காரரான அவருடைய பெரியப்பா சொல்வதுதான் அந்த வீட்டில் முடிவு.

எங்கள் பக்கத்தில், சம்பந்தம் பிடித்தால்தான் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். அதாவது உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அதுவரை ஒரு வாய் காப்பி கூடச் சங்கடம்தான். இவர்கள், "வார ஞாயித்துக்கெழமை பதினோரு பேரு வாரோம், அங்கனயே சாப்பிடுதோம், பூ வச்சிட்டு வந்திருதோம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான். யாராவது பெரிய முட்டாள்தனம் செய்தால் ஒழிய அது கெட்டுப்போக வழியில்லை.

நான் சனிக்கிழமை காலையில் மெட்ராஸிலிருந்து வந்து இறங்கினேன்.

வெறுங்கையோடு வரவில்லை. எங்கள் படிப்பில் களப்பணி என்று ஒன்று உண்டு. படித்த கோட்பாடுகளை ஓர் உண்மையான விருந்தில் செயல்படுத்தி, விருந்தினர்களிடம் கருத்து எழுதி வாங்கி, அறிக்கை கொடுக்க வேண்டும். மற்ற மாணவர்கள் பெரிய ஓட்டல்களில் அனுமதிக்காக அலைந்துகொண்டிருந்தார்கள். எனக்கு வீட்டிலேயே விருந்து கிடைத்திருந்தது. அப்பாவிடம் பேசினேன். "செலவு பண்ணிப் படிக்க வைக்கிய, ஒரு நாளைக்குப் பொறுப்ப எங்கிட்ட குடுங்க" என்றேன். அப்பா நல்லவர். கொடுத்துவிட்டார்.

முதல் வேலையாகக் கந்தசாமி மாமாவை நீக்கினேன்.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் வகையறாவில் எந்த விசேஷமானாலும் பந்தியில் வாளி பிடிப்பது அவர்தான். அவர் பரிமாறிய பந்தியிலிருந்து யாரும் தானாக எழுந்து நடந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. கையைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். "போதும்" என்ற வார்த்தை அவர் காதில் விழவே விழாது. இலையைக் கையால் மறைத்தால் விரல் இடுக்கு வழியாகச் சாம்பார் ஊற்றுவார். இலையை மடித்தால், மடித்த இலை மேலே அப்பளத்தை வைப்பார். என் பாடப்புத்தகத்தின் கணக்கில் மாமா ஒரு குற்றவாளி. "விருந்தினரின் மறுப்பே இறுதியானது. இரண்டாம் முறை கேட்பது அவரது சுதந்திரத்தில் தலையிடுவதாகும்" என்று அதில் தெளிவாகப் போட்டிருந்தது.

"மாமா, நாளைக்கு நீங்க வாசல்ல வரவேற்பு பாத்துக்கிடுங்க" என்றேன்.

"வாசல்ல என்னத்தவே பாக்க? செருப்பையா?"

"அதுவும் ஒரு துறைதான் மாமா."

மாமா தோள் துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "சரி மருமவனே, நீ படிச்சவன்" என்றார். அதில் ஒரு வருத்தம் இருந்தது. அன்றைக்கு எனக்கு அது கேட்கவில்லை.

அம்மாவை அடுக்களையை விட்டு வெளியே வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். சித்தப்பா மகன்கள் இரண்டு பேருக்கு முந்தின நாள் முழுக்கப் பயிற்சி கொடுத்தேன். கொஞ்சமாக வைக்க வேண்டும். ஒரே ஒரு முறை கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் லேசாகத் தலை வணங்கி நகர வேண்டும். தலை வணங்குவதை மட்டும் அவர்கள் நாற்பது தடவை செய்து பார்த்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா பூத்தொடுத்துக்கொண்டே என்னிடம் மெல்லச் சொன்னாள். "ஏலே நாயகம், இது மட்டும் நடந்திரணும்லே. இன்னொரு தடவ என்னால தட்டத் தூக்கிட்டு வந்து நிக்க முடியாது."

"நீ கவலப்படாத. நான் இருக்கேன்லா" என்றேன். வெட்கமில்லாமல் சொன்னேன்.

பதினொன்றரைக்கு வந்தார்கள். நான் வெள்ளை முழுக்கைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, கழுத்தில் பட்டாம்பூச்சி டை சகிதம் வாசலில் நின்றேன். சித்திரை வெயில். மாப்பிள்ளையின் பெரியப்பா, ஆறடி ஆள், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு மாமாவிடம், "பேண்டு செட்டுக்கும் சொல்லியிருக்கியளோ?" என்று கேட்டார். மாமா, "மருமவன்" என்று சொல்லிவிட்டுச் செருப்புகளை நேராக அடுக்க ஆரம்பித்தார்.

அக்கா வந்து வணங்கினாள். பேச்சு நன்றாகவே போனது. பெரியப்பா அவளிடம் டைப் அடிப்பதைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டு, பதிலில் திருப்திப்பட்டுத் தலையை ஆட்டினார். அப்பாவின் முகத்தில் ஓர் ஒளி. அப்புறம் இலை போட்டோம். என் ஆட்சி தொடங்கியது.

இலையில் எல்லாம் அழகாக இருந்தது. அவியல் ஒரு நெல்லிக்காய் அளவு. கூட்டு அதைவிடக் கொஞ்சம் குறைவு. வாழைக்காய் வறுவல் மூன்று துண்டு. நடுவில் ஒரு கிண்ணத்தில் அடைத்துக் கவிழ்த்த சோறு. பெரியப்பா அதை நாலு பக்கமும் பார்த்தார். சாமிக்குப் படைத்தது, நமக்கு இனிமேல்தான் வைப்பார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். யாரும் வைக்காததால் சாப்பிட ஆரம்பித்தார். ஐந்தாவது வாயில் முடிந்துவிட்டது.

நான் பக்கத்தில் போய்க் குனிந்தேன். "இன்னும் சாதம் வைக்கலாமா?"

"வேண்டாம், வேண்டாம்" என்றார்.

நான் தலை வணங்கி நகர்ந்தேன்.

இந்த இடத்தில் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்ப் பக்கம் முதல் "வேண்டாம்" என்பது மரியாதை. பெண் வீட்டில், கேட்ட உடனே "ஆமா, வை" என்று சொல்கிறவனைச் சோற்றுக்கு அலைகிறவன் என்று நினைத்துக்கொள்வார்கள். இரண்டாவது "வேண்டாம்", வைக்கிறவனுக்கு உண்மையிலேயே மனசு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. மூன்றாவதாகக் கையால் இலையை மறைத்தால்தான், "இனி தாராளமாக வைக்கலாம்" என்று அர்த்தம். இது பிறந்த குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகத் தெரிந்ததை ஒன்றரை வருஷத்துப் படிப்பு அழித்துவிட்டிருந்தது.

ஒவ்வொருவராகக் கேட்டேன். ஒவ்வொருவரும் வேண்டாம் என்றார்கள். பெரியப்பாவின் கை இலையை மறைப்பதற்காகப் பாதி தூரம் எழுந்து, அங்கே வாளியும் இல்லை ஆளும் இல்லை என்று கண்டு, திரும்ப மடியில் இறங்கியதைப் பார்த்தேன். பசியடங்கிய விருந்தினரின் நிதானம் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன். ஒரே ஒருவர் மட்டும் மாறிச் சொன்னார். மாப்பிள்ளை வேலாயுதத்திடம், "இன்னும் சாதம்?" என்றபோது அவர் நிமிர்ந்து, "ஆமா, வைங்க. சாம்பாரும்" என்றார். பத்துப் பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பெரியப்பா தொண்டையைச் செருமினார். மாப்பிள்ளை குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. தேவைப்பட்டவர் கேட்கிறார், தேவைப்படாதவர் மறுக்கிறார், புத்தகம் சொன்னது அப்படியே நடக்கிறது என்று பூரித்துப்போனேன். வாசலில் மாமா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தபடி நின்றார். அவர் கண் கலங்கியிருந்ததாக இன்றைக்கும் சொல்கிறார்கள்.

இத்தோடு நிறுத்தியிருந்தாலும் பிழைத்திருப்போம். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவர்களிடம் வெற்றிலைத் தட்டோடு ஆளுக்கொரு அட்டையும் பேனாவும் கொடுத்தேன். கருத்து அட்டை. மாப்பிள்ளை அதைப் பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினார்.

"உணவின் தரம். பணியாளர் நடத்தை. மீண்டும் வருவீர்களா, ஆம், இல்லை. கையொப்பம்."

பெரியப்பா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கையெழுத்தா? பூவே வைக்கல, அதுக்குள்ள எழுதி வாங்குதாவளா?" என்றார்.

"அது படிப்புக்கு..." என்று அப்பா ஆரம்பித்தார்.

பெரியப்பா அட்டையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். "சரி அண்ணாச்சி, பஸ்ஸுக்கு நேரமாச்சி. ஊருக்குப் போயி கடுதாசி போடுதோம்."

கொண்டுவந்த பூவை அந்த வீட்டுப் பெண்கள் கூடையோடு திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். அடுக்களைக்குள் ஒரு பாத்திரம் உருண்ட சத்தம் கேட்டது.

அப்பா நாற்காலியில் உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். என்ன தப்பு நடந்தது என்று யாருக்கும் புரியவில்லை. அரை மணி நேரம் கழித்து, இரவல் வாங்கிய ஜமக்காளத்தை எடுத்துப்போக ஆபீஸ் பியூன் சுடலை வந்தார். வந்தவர் அப்பாவிடம், "சார், மாப்பிள்ள வீட்டுக்காரங்க பஸ் ஸ்டாண்டுக் கடையில சாப்பாட்டுக்குக் காத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. நம்ம வீட்டு விசேஷம் நாளைக்கா சார்?" என்று கேட்டார்.

அப்பா என்னைப் பார்த்தார். அம்மா பார்த்தாள். நான் புத்தகத்தைத் தேடினேன்.

அக்காதான் அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள். அழுது முடித்த முகம், ஆனால் குரல் கெட்டியாக இருந்தது. "நாயகம், இங்கன வா." சோற்றுப் பானையின் தட்டைத் திறந்தாள். கிட்டத்தட்ட விளிம்பு வரை சோறு. சாம்பார் வாளி, அவியல், பாயசம், எல்லாம் அப்படியே. "பதினோரு பேருக்கு ஆக்குனது. எல்லாம் கெடக்கு. என்னலே செஞ்ச?"

"கேட்டேன்க்கா. எல்லாரும் வேண்டாம்னாங்க."

"எத்தன தடவ கேட்ட?"

"ஒரு தடவ."

அக்கா அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "வேண்டாம்னு சொன்னா வேண்டாம்னு எந்தக் கிறுக்கன்லே உனக்குச் சொன்னான்?"

"பாடத்துல இருக்கு" என்றேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

அக்கா பானையின் வாயில் துணியைக் கட்டினாள். "மாமா" என்று ஒரு குரல் கொடுத்தாள். வாசலில் நின்ற மாமா, அந்த ஒரு வார்த்தைக்காகவே காலையிலிருந்து காத்திருந்தவர், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். ஐந்து நிமிஷத்தில் தெருமுனையில் நின்ற குதிரை வண்டியில் பானை, வாளிகள், இலைக்கட்டு, அம்மா, மாமா, நான். அப்பா பின்னாலேயே சைக்கிளில். மணப்பெண் வரக் கூடாது என்பதால் அக்கா வாசலோடு நின்றுகொண்டாள்.

கடையில் சோறு தீர்ந்து, மறு உலை கொதித்துக்கொண்டிருந்தது. பதினோரு பேரும் ஆளுக்கொரு வடையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் பெரியப்பா கையிலிருந்த வடையை எங்கே மறைப்பது என்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். அவமானம் எங்களுக்கா அவர்களுக்கா என்று யாருக்கும் தெளிவாகவில்லை.

நான் முன்னால் போனேன். "பெரியப்பா, தப்பு எம்மேலதான். நீங்க ஒரு தடவ வேண்டாம்னதும் நான் நம்பிட்டேன்" என்றேன்.

"நம்பிட்டியா?" என்றார் பெரியப்பா. பெஞ்சில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "பொண்ணு வீட்டுல வச்சு வேண்டாம்னத நம்பிட்டியா? நாங்க என்னமோ உங்களுக்குச் சம்பந்தம் பிடிக்கல, சோத்துலயே சொல்லிக் காமிக்கீங்கன்னுல்லா நெனச்சோம்."

அப்பா சைக்கிளைப் பிடித்தபடியே நின்றார். அம்மாதான் சொன்னாள். "அண்ணாச்சி, கை நனைச்சவங்கள வயிறு காயவிட்டுட்டோம். ரெண்டாவது பந்தின்னு நெனச்சுக்கிடுங்க."

கடைக்காரர், "நல்ல காரியம், தாராளமா இங்கனயே வைங்க" என்று பெஞ்சை நேராகப் போட்டுக் கொடுத்தார். இலை விழுந்தது. மாமா வாளியை எடுத்தார்.

அப்படி ஒரு பந்தியை நான் அதற்கப்புறம் பெரிய பெரிய ஓட்டல்களிலும் பார்த்ததில்லை. மாமா யாரையும் கேட்கவில்லை. கேட்பது அவர் வழக்கமே இல்லை. பெரியப்பா வேண்டாம் என்றார், சோறு விழுந்தது. ஐயோ வேண்டாம் என்றார், அவியல் விழுந்தது. முழுக்கையையும் விரித்து இலையை மறைத்தார், முகம் மலர்ந்துகொண்டே போனது. "என்னவே, ஆளக் கொல்லவா வந்திருக்கீரு?" என்று மாமாவைத் திட்டினார். அந்தத் திட்டு காதில் விழுந்த பிறகுதான் அப்பா சைக்கிளை ஸ்டாண்டு போட்டார்.

என்னிடம் பாயச வாளியைக் கொடுத்தார்கள். பெரியப்பாவிடம் போனேன். "பாயசம்?" என்று கேட்டேன். "வேண்டாம்" என்றார். நான் தலை வணங்கித் திரும்பி ஓர் அடி வைத்துவிட்டேன். சத்தியமாகப் பழக்கதோஷம். மாமா என் சட்டைக் காலரைப் பிடித்து அப்படியே திருப்பி நிறுத்தினார். டை அறுந்து பாயச வாளிக்குள் விழுந்தது. அதை எடுத்து ஒரு பெஞ்சுக்கடியில் தள்ளிவிட்டு (மன்னிக்க வேண்டும், வேறு பாயசம் இல்லை) பதினோரு பேருக்கும் ஊற்றினேன். யாரையும் ஒன்றும் கேட்காமல் ஊற்றினேன்.

இளையரசனேந்தல் பஸ் வந்தது. "ஏறுதியளா இல்லியா?" என்று கண்டக்டர் கத்தினார். "மோரு வரணும்" என்றார் பெரியப்பா. பஸ் போய்விட்டது.

அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. பெரியப்பா கை கழுவிவிட்டு வந்து என் கருத்து அட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தார். "எலே, பேனாவக் கொண்டா. மறுபடி வருவியளான்னு கேட்டிருந்தேல்லா, அது எங்கன இருக்கு?" காட்டினேன். 'ஆம்' என்பதற்கு மேல் பெரிதாக ஒரு கோடு போட்டு, கையெழுத்தும் போட்டார். பிறகு அப்பா பக்கம் திரும்பினார். "கடுதாசி கிடுதாசி ஒண்ணும் வேண்டாம் சம்பந்தி. நாள இங்கனயே பாத்துருவோம்."

கடைச் சுவரில் தொங்கிய நாள்காட்டியைக் கழற்றி, வைகாசி வரைக்கும் புரட்டி முகூர்த்தம் குறித்தார்கள். குதிரை வண்டியிலேயே திரும்பப் போய் அக்காவுக்குப் பூ வைத்தார்கள். வண்டி வருவதைப் பார்த்ததும் அக்கா உள்ளே ஓடினாள். பாத்திரம் எதுவும் உருளவில்லை. அன்றைக்கு நான் அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன், எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.

போகும்போது பெரியப்பா என்னிடம், "படிப்பு முடிய இன்னும் எத்தன மாசம்?" என்று கேட்டார்.

"ஆறு மாசம் பெரியப்பா."

"முழுசா முடிச்சிரு மக்கா. பாதியில நின்னா ஊரு தாங்காது."

முடித்தேன். அறிக்கையில் 'மறுப்பின் மூன்று நிலைகள்' என்று ஓர் அத்தியாயம் சேர்த்தேன். பேராசிரியர் ஓரத்தில் சிவப்பு மையால் 'ஆதாரம் என்ன?' என்று எழுதினார். 'பெரியப்பா, இளையரசனேந்தல்' என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. முப்பது வருஷம் நல்ல நல்ல விடுதிகளில் வேலை பார்த்தேன். யாராவது வேண்டாம் என்றால் கொஞ்ச நேரம் அங்கேயே நிற்பேன். அதனால் எனக்கு நல்ல பெயர்.

பல வருஷம் கழித்து ஒரு நாள் அக்காவிடம், அன்றைக்கு அந்தச் சம்பந்தம் என்னால் தவறியிருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டேன். "தவறவிட்டிருக்க மாட்டேன்" என்றாள். "கதவு இடுக்கு வழியா நான் உங்க அத்தான மட்டுந்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். பதினோரு பேருல ஒரு ஆளுதான், மத்தவங்க என்ன நெனப்பாங்கன்னு பாக்காம வேணும்னு வாயத் தொறந்து கேட்டாரு. அப்பவே முடிவு பண்ணிட்டேன். இல்லாட்டி அந்தப் பானைய நான் எதுக்குலே கட்டப் போறேன்?"

கோவில்பட்டியில் அக்கா வீட்டுக்கு இன்றைக்கும் போகிறேன். அத்தான் வேலாயுதம் தானே கரண்டியை எடுத்துக்கொண்டு வந்து, குனிந்து, "இன்னும் சாதம் வைக்கலாமா?" என்று என்னைப் போலவே கேட்பார். எனக்குப் பசி இருக்கும். ஆனாலும் ஊர்ப் பழக்கம், வாய் தானாக "வேண்டாம் அத்தான்" என்று சொல்லிவிடும். அவர் தலை வணங்கி, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நேரே உள்ளே போய்விடுவார். பிள்ளைகள், மருமகள், பேரன் என்று வீடே சிரித்து ஓயும் வரைக்கும் நான் காலி இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அப்புறம் அக்கா வருவாள். ஒன்றும் கேட்காமல் இரண்டு கரண்டி வைத்துவிட்டுப் போவாள்.